காபி மேக்கர் கரண்ட் இழுக்குமா?

கடைக்கு வரும் வாடிக்கையாளர் கேட்கும் சில கேள்விகளுக்கு நாம் யோசிக்காமலே பதில் சொல்லிவிடுகிறோம். "அண்ணாச்சி, இந்தக் காபி மேக்கர் கரண்ட் நிறைய இழுக்குமா?" என்பது அவற்றில் ஒன்று. "சேச்சே, ஒரு பல்பு அளவுக்குத்தான்" என்று ஒருவர் சொல்வார். "அட, அதெல்லாம் மீட்டரே ஓடாதும்மா" என்று இன்னொருவர் சொல்வார். இரண்டும் தவறு. இப்படிச் சொல்லி விற்ற காபி மேக்கர் ஒன்று, இரண்டு மாதம் கழித்து மின்கட்டணச் சீட்டுடன் ஒரு பாத்திரக்கடை உறுப்பினரிடம் திரும்பி வந்த கதையை அவரே நம்மிடம் சொன்னார். காபி மேக்கரைத் திருப்பி எடுத்துக்கொண்டதில் நஷ்டம் பெரிதில்லை. அந்த வீட்டார் அதற்குப் பிறகு குக்கருக்கு காஸ்கெட் வாங்கக்கூட அவர் கடைக்கு வரவில்லையாம். அதுதான் நஷ்டம்.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கத்தில் காபித்தூள் விற்காத மளிகைக்கடை கிடையாது. பாத்திரக்கடைகளும் வீட்டு உபயோகப் பொருள் கடைகளும் தீபாவளி, பொங்கல் சமயத்தில் காபி மேக்கரை முன்வரிசையில் அடுக்குகின்றன. தூள் விற்பவரும் மெஷின் விற்பவரும் ஒரே வாடிக்கையாளருக்குத்தான் பதில் சொல்லவேண்டியிருக்கிறது. ஆகவே இந்தக் கணக்கை ஒரு முறை நாமே போட்டுப் பார்த்துவிடுவது நல்லது. பெரிய படிப்பு வேண்டாம். கல்லாவில் உட்கார்ந்து வட்டி போடத் தெரிந்தவருக்கு இது ஒன்றுமே இல்லை.

தண்ணீர் கொதிக்க எவ்வளவு ஆகும்?

முதலில் அடிப்படைக் கணக்கு. 1000 வாட் சாமான் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். நம் ஊர் வெயிலில் குழாய்த் தண்ணீர் 28 டிகிரி இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு லிட்டர் தண்ணீரை அங்கிருந்து கொதிநிலைக்குக் கொண்டுபோக, எந்தச் சேதாரமும் இல்லாவிட்டால், 0.084 யூனிட் போதும். அதாவது ஒரு யூனிட் மின்சாரத்தில் ஏறக்குறைய 12 லிட்டர் தண்ணீர் கொதிக்கும். எந்தக் கம்பெனி மெஷினாக இருந்தாலும், எந்த நாட்டில் செய்ததாக இருந்தாலும், இதற்குக் குறைவாக ஒரு லிட்டரைக் கொதிக்க வைக்க முடியாது. "எங்கள் மெஷின் பாதிக் கரண்டில் காபி போடும்" என்று விற்பனைப் பிரதிநிதி யாராவது வந்து சொன்னால், பாதித் தண்ணீரில் போடுமா என்று கேளுங்கள்.

சேதாரம் உண்டுதான். எலெக்ட்ரிக் கெட்டில் போன்ற சாமானில் சேதாரம் குறைவு; ஒரு லிட்டருக்கு 0.1 யூனிட் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். கேஸ் அடுப்பில் சுவாலையின் சூடு பாத்திரத்தைச் சுற்றிப் பக்கவாட்டில் போய்விடுவதால் சேதாரம் அதிகம். நூற்றுக்கு 60 பங்கு சூடு பாத்திரத்துக்குள் போகிறது என்று எடுத்துக்கொண்டால், 14.2 கிலோ சிலிண்டர் ஒன்றில் சுமார் 1,300 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கலாம். சிலிண்டர் வாங்கிய விலையை 1,300ஆல் வகுத்தால் ஒரு லிட்டருக்கு ஆகும் செலவு வந்துவிடும். 900 ரூபாய் சிலிண்டர் என்றால் 69 பைசா. கெட்டிலில் அதே ஒரு லிட்டர், யூனிட் 4 ரூபாய் 50 காசு என்றால் 45 பைசா. யூனிட் 8 ரூபாய் என்றால் 80 பைசா. ஆகக் கேஸா, கரண்டா என்று வாடிக்கையாளரோடு வாதாடுவதில் பொருளில்லை. வித்தியாசம் காசுக்கணக்கில்தான் இருக்கிறது.

அப்படியானால் அந்த வீட்டுக்கு மின்கட்டணம் ஏறியது எப்படி?

சுவிட்ச் போட்டபடியே இருந்தால்

நம் பக்கம் அதிகம் விற்பது டிரிப் காபி மேக்கர். பின்னால் தண்ணீர்த் தொட்டி, நடுவில் தூள் போடும் கூடை, கீழே ஜாடி. இதன் உள்ளே மோட்டார் கிடையாது, பம்பு கிடையாது. அடியில் குதிரை லாடம் போல வளைந்த ஒரு குழாயும், அதை ஒட்டியபடியே ஒரு ஹீட்டரும் இருக்கின்றன. தொட்டித் தண்ணீர் அந்தக் குழாய்க்குள் வந்து கொதித்ததும், ஆவிக்குமிழி தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே தள்ளுகிறது. அது தூளின் மேல் சொட்டுகிறது. பின்பக்கம் திரும்பிப் போகாதபடி ஒரு சின்ன வால்வு தடுக்கிறது. அவ்வளவுதான். ஜெர்மனியில் 1954இல் விகோமாட் என்ற பெயரில் வந்த மின்சார டிரிப் மெஷினிலிருந்து இந்த வகை தொடங்கியது. இன்றைக்கு நாம் விற்கும் சாதாரண மாடல்களிலும் வேலை இதேதான்.

இதில் வாடிக்கையாளர் கவனிக்காத ஒன்று உண்டு. தண்ணீரைக் கொதிக்க வைக்கும் அதே ஹீட்டர்தான் ஜாடி உட்கார்ந்திருக்கும் தட்டையும் சூடாக்குகிறது. தண்ணீர் தீர்ந்துவிட்டது, டிகாஷன் இறங்கிவிட்டது, வேலை முடிந்துவிட்டது என்று நாம் நினைக்கிறோம். சுவிட்சை அணைக்காவிட்டால் ஹீட்டர் ஓய்வதில்லை. தெர்மோஸ்டாட் விட்டு விட்டு அதை எரிய வைத்துக்கொண்டே இருக்கும். மெஷினுக்கு மெஷின் இது மாறும். சராசரியாக 60 வாட் என்று வைத்துக் கணக்குப் போடுவோம்.

ஆறு பேர் உள்ள வீடு. காலையில் அரை லிட்டர், மாலையில் அரை லிட்டர் தண்ணீர் ஊற்றி டிகாஷன் போடுகிறார்கள். ஒரு தடவைக்குச் சேதாரமும் சேர்த்து 0.055 யூனிட். இரண்டு தடவைக்கு 0.11 யூனிட். மின்வாரியத்தின் இரண்டு மாதக் கணக்குக்கு, அதாவது 60 நாளுக்கு, 7 யூனிட்டுக்கும் குறைவு. காபி போடும் செலவு இவ்வளவுதான்.

அதே வீட்டில் காலையில் முதல் ஆள் ஐந்தரை மணிக்கு எழுந்து சுவிட்சைப் போடுகிறார். எல்லோரும் குடித்து முடிக்கும்வரை மூன்று மணி நேரம் சுவிட்ச் அணைவதில்லை. மாலையில் இரண்டு மணி நேரம். ஆக ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரம், 60 வாட் வீதம், 0.3 யூனிட். 60 நாளைக்கு 18 யூனிட். காபி போட 7 யூனிட், போட்ட காபியைச் சூட்டில் வைத்திருக்க 18 யூனிட்! கூலியைவிடச் சுமைக்கூலி இரண்டரை மடங்கு என்பது போல இருக்கிறது கணக்கு.

பதினெட்டு யூனிட்டால் என்ன குடிமுழுகிவிடும் என்று சிலர் கேட்கலாம். தமிழ்நாட்டு மின்கட்டண அமைப்பில் சில இடங்களில் அது முழுகத்தான் செய்யும். 2016 மே மாதத்திலிருந்து வீடுகளுக்கு இரண்டு மாதத்தில் முதல் 100 யூனிட் இலவசம் என்று ஆனது. 2022 செப்டம்பரில் வந்த கட்டணப்படி, மொத்தம் 500 யூனிட்டுக்குள் இருந்தால் 101 முதல் 200 வரை யூனிட் 2 ரூபாய் 25 காசு, 400 வரை 4 ரூபாய் 50 காசு, 500 வரை 6 ரூபாய். 500ஐத் தாண்டிவிட்டால் 101லிருந்தே 4 ரூபாய் 50 காசு. 501 முதல் 600 வரை 8 ரூபாய். பின்னர் 2024இல் விகிதங்கள் சற்று ஏறின. என்றாலும் பாடம் விளங்க 2022 விகிதமே போதும்.

மேலே சொன்ன வீட்டில் காபி மேக்கர் வாங்குவதற்கு முன் 490 யூனிட் ஓடியது என்று கொள்வோம். கட்டணம் 1,665 ரூபாய். காபி மேக்கர் வந்த பிறகு 25 யூனிட் கூடி 515. கட்டணம் 2,070 ரூபாய். கூடுதல் 405 ரூபாய்! அதே வீட்டில் டிகாஷன் இறங்கியதும் சுவிட்சை அணைத்திருந்தால் 497 யூனிட்டோடு நின்றிருக்கும். கட்டணம் 1,707 ரூபாய். கூடுதல் 42 ரூபாய்தான். ஒரே மெஷின், ஒரே காபி. சுவிட்சை அணைத்தவருக்கு 42, அணைக்காதவருக்கு 405.

பாத்திரக்கடைக்கு மெஷினைத் திருப்பிக் கொண்டுவந்தவர் வீட்டில் நடந்ததும் ஏறக்குறைய இதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறோம். வெயில் காலத்தில் ஏசி ஓடுகிற வீடுகளில் மீட்டர் 500 யூனிட்டின் விளிம்பில் நிற்பது சகஜம். விளிம்பில் நிற்கும் வண்டிக்கு ஒரு மூட்டை கூடினாலும் கவிழ்ந்துவிடும். அந்த மூட்டையை நம் கடையிலிருந்து ஏற்றி அனுப்பும்போது ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருந்தால் பழி நம் மேல் விழுந்திருக்காது.

மேல்நாடுகளில் இதைச் சட்டமாகவே போட்டுவிட்டார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2015 ஜனவரி 1 முதல் விற்பனைக்கு வரும் வீட்டு டிரிப் மெஷின்கள், கண்ணாடி ஜாடி உள்ளதானால் காபி இறங்கி 40 நிமிடத்துக்குள்ளும், பிளாஸ்க் போன்ற ஜாடி உள்ளதானால் 5 நிமிடத்துக்குள்ளும் தாமாக அணைய வேண்டும் என்று விதி வந்தது. மற்ற வகைக் காபி மெஷின்களுக்கு 30 நிமிடம். சுவிட்சர்லாந்தில் 2014இல் காபி மெஷினுக்கு மின்சிக்கன லேபிளைக் கட்டாயமாக்கினார்கள். பிளாஸ்க் ஜாடிக்கு ஏன் ஐந்தே நிமிடம் என்று பார்த்தால் விஷயம் விளங்கும். சூட்டைப் பிளாஸ்க் காப்பாற்றிவிடுகிறது. ஹீட்டருக்கு அங்கே வேலையே இல்லை.

நம் நாட்டில் எரிசக்திச் சேமிப்புச் சட்டம் 2001இல் வந்தது. அதன்படி அமைந்த எரிசக்தித் திறன் அமைப்பு 2006இல் நட்சத்திரக் குறியீட்டைத் தொடங்கியது. பிரிட்ஜ், ஏசி, கீசர், மின்விசிறி என்று பல சாமான்கள் அந்தத் திட்டத்துக்குள் வந்தன. காபி மேக்கரை அதில் சேர்க்கவில்லை. ஆகவே காபி மேக்கர் பெட்டியின் மேல் நட்சத்திரம் ஒட்டி யாராவது சரக்கு அனுப்பினால் மொத்த வியாபாரிகள் இறக்கிக்கொள்ளுமுன் ஒரு முறை யோசிக்க வேண்டும். 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, தகுந்த சோதனை இல்லாமல் ஒரு பொருளின் செயல்திறனுக்கு உத்தரவாதம் தருவது முறையற்ற வணிகமாகும். "மீட்டரே ஓடாது" என்று எழுதி வைப்பதும் அந்த வகைதான்.

பித்தளைப் பில்டர் எங்கே நிற்கிறது?

இந்தக் கணக்கைப் பார்த்துவிட்டுப் பெரியவர்கள் சிரிப்பார்கள். இரவே பில்டரில் தூளைப் போட்டு வெந்நீர் ஊற்றிவிட்டுப் படுத்தால் விடியற்காலையில் டிகாஷன் தயார். அதற்குச் சூட்டுத் தட்டு கிடையாது, தெர்மோஸ்டாட் கிடையாது. டிகாஷன் ஆறியிருந்தால்தான் என்ன, கொதிக்கும் பால் அதைச் சூடாக்கிவிடும். நான்கு பேருக்கு 200 மில்லி தண்ணீர் போதும். சேதாரம் போக அதற்கு ஆகும் சக்தி 0.017 யூனிட். 2012இல் சென்னையிலேயே தினம் இரண்டு மணி நேரம் மின்வெட்டு இருந்த காலத்தில், பல வீடுகளில் காபி மேக்கர் பரணுக்குப் போய், பில்டர் பரணிலிருந்து இறங்கியது நமக்குத் தெரியும்.

உண்மையில் நம் காபிக்கும் மேல்நாட்டுக் காபிக்கும் உள்ள வித்தியாசமே இங்கேதான் இருக்கிறது. அவர்கள் கறுப்புக் காபியை ஜாடி நிறைய இறக்கி, அந்த ஜாடியையே சூட்டில் வைத்து, நாள் முழுக்க ஊற்றிக் குடிக்கிறார்கள். அந்தப் பழக்கத்துக்காகச் செய்ததுதான் சூட்டுத் தட்டு. நாம் குடிப்பது பால் காபி. டிகாஷன் பாதி வேலை, பால் மீதி வேலை. பால் அடுப்பில் கொதிக்கும்போது டிகாஷனைத் தட்டில் சூடாக வைத்திருப்பது, ஏற்கெனவே சம்பளம் கொடுத்த ஆளுக்கு இன்னொரு சம்பளம் கொடுப்பது போல. போதாக்குறைக்கு நெடுநேரம் சூட்டில் கிடந்த டிகாஷன் கசந்துவிடும். அந்தக் கசப்புக்கும் பழி நம் தூளின் மேல்தான் விழுகிறது. "போன தடவை வாங்கின தூள் சரியில்லை அண்ணாச்சி" என்று வருபவரிடம், காபி எதில் போடுகிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். மளிகைக்காரர்களுக்கு இது மின்கட்டணத்தைவிட முக்கியமான சங்கதி.

பால் கணக்கையும் சொல்லிவிடுவோம். அம்பத்தூர் ஆவின் பண்ணையிலிருந்து வரும் பாக்கெட் பால் ஏற்கெனவே பதப்படுத்திய பால். விடியற்காலையில் வாங்கியதும் காய்ச்சுவதற்கும், பிரிட்ஜில் வைத்து எடுத்துக் காய்ச்சுவதற்கும் வித்தியாசம் உண்டு. 5 டிகிரியிலிருந்து கொதிக்க வைக்க, 28 டிகிரியிலிருந்து கொதிக்க வைப்பதைவிட மூன்றில் ஒரு பங்கு அதிகச் சூடு வேண்டும். காபி மேக்கர் எத்தனை வாட் என்று பத்து முறை கேட்கும் வாடிக்கையாளர் இதை ஒரு முறைகூடக் கேட்பதில்லை.

அப்படியானால் காபி மேக்கரை விற்கவே கூடாதா? அப்படி நாம் சொல்லவில்லை. 1964இல் அம்பத்தூர் தொழிற்பேட்டை வந்ததிலிருந்து இந்தப் பகுதி ஷிப்ட் வேலைக்காரர்களின் பகுதி. காலை ஆறு மணி ஷிப்டுக்குப் போக வேண்டியவர் பில்டரில் சொட்டுச் சொட்டாக இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியாது. இரவே போட்டு வைக்க மறந்துவிட்டால் பத்து நிமிடத்தில் டிகாஷன் கொடுப்பது காபி மேக்கர்தான். நேரம் மிச்சமாகும் என்று சொல்லி விற்கலாம், அது உண்மை. கரண்ட் மிச்சமாகும் என்று சொல்லி விற்கக்கூடாது.

தூள், தண்ணீர், வோல்டேஜ்

மெஷின் வாங்கியவருக்கு எந்தத் தூளைக் கொடுப்பது என்பதில் நம்மில் பலர் தவறு செய்கிறோம். பித்தளைப் பில்டருக்கு அரைக்கும் நைசான தூளையே மெஷினுக்கும் கட்டிக் கொடுக்கிறோம். பில்டரில் மெதுவாக இறங்கினால் பாதகமில்லை. மெஷினில் மேலிருந்து தண்ணீர் தன் வேகத்துக்கு விழுந்துகொண்டே இருக்கும். நைசான தூள் வலையை அடைத்துக்கொண்டால் தண்ணீர் கூடைக்கு மேல் வழிந்து தூளோடு ஜாடியில் விழும். சிக்கரி அதிகமானால் டிகாஷன் பிசுபிசுத்து இன்னும் மெதுவாகும். அப்புறம் வீட்டம்மா அதைக் கொட்டிவிட்டு இரண்டாம் தடவை போடுகிறார். கரண்டும் இரட்டிப்பு, தூளும் இரட்டிப்பு. மெஷினுக்குக் கொஞ்சம் கொரகொரப்பாக அரைத்த தூள் வேண்டும். சொந்தமாக அரைவை மெஷின் வைத்திருப்பவர்கள் "பில்டருக்கா, மெஷினுக்கா?" என்று கேட்டுவிட்டு அரைப்பது நல்லது. பாக்கெட் தூள் விற்பவர்கள் சிக்கரி சதவீதத்தைப் பார்த்துக் கொடுக்கலாம். கலப்புத் தூளில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக்கூடாது என்பதும், இரண்டின் அளவையும் பாக்கெட்டில் போட வேண்டும் என்பதும் விதி.

அடுத்தது தண்ணீர். நம் பக்கத்துப் போர் தண்ணீரைப் பற்றி நாம் சொல்ல வேண்டியதில்லை. குழாயில் வெள்ளையாகப் படிவதைப் பார்த்தாலே தெரியும். அதே படிவு காபி மேக்கரின் லாடக் குழாய்க்குள்ளும் படிகிறது. ஹீட்டருக்கும் தண்ணீருக்கும் நடுவே அது ஒரு போர்வை மாதிரி. சூடு தண்ணீருக்குப் போகாமல் தெர்மோஸ்டாட்டை முன்னதாகவே வெட்டிவிடும். பத்து நிமிடத்தில் இறங்கியது இருபது நிமிடம் ஆகும். மெஷின் கெட்டுவிட்டது என்று கடைக்குக் கொண்டு வருவார்கள். பாதிக்குப் பாதி கெட்டிருக்காது. நம் மளிகைக்கடையிலேயே இருக்கும் எலுமிச்சை உப்பை ஒரு தேக்கரண்டி அளவு தொட்டித் தண்ணீரில் கரைத்துத் தூள் போடாமல் ஒரு முறை ஓட்டி, பிறகு வெறும் தண்ணீரில் இரண்டு முறை ஓட்டினால் போதும். மாதம் ஒரு முறை செய்தால் மெஷின் புதிது போல ஓடும். கேன் தண்ணீர் ஊற்றுகிற வீட்டில் இந்தத் தொல்லை குறைவு.

வோல்டேஜ் விஷயத்தில் ஒரு மூடநம்பிக்கை இருக்கிறது. மாலையில் வோல்டேஜ் குறைந்தால் ஹீட்டர் குறைவாக எரியும், அதனால் கரண்ட் மிச்சம் என்கிறார்கள். 230க்கு 190 வோல்ட் வந்தால் 1000 வாட் மெஷின் 680 வாட்தான் கொடுக்கும், உண்மை. ஆனால் காபி இறங்க அதற்கேற்ப நேரம் கூடுகிறது. நேரம் கூடக்கூட அக்கம்பக்கம் போகும் சூடும் கூடுகிறது. ஆக யூனிட் கொஞ்சம் கூடுமே தவிரக் குறையாது.

எஸ்பிரெஸ்ஸோ மெஷின்களும் இப்போது அண்ணாநகர் தாண்டி நம் பக்கம் வர ஆரம்பித்துவிட்டன. அவற்றில் கெட்டியான உலோகப் பாய்லர் உள்ளவை இரண்டு கப் காபிக்காக அந்த உலோகம் முழுவதையும் சூடாக்க வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு முறையும் கால் மணி நேரம் சூடேற்றும் மெஷினை வாங்குபவரிடம், விருந்தாளி வரும் நாளில் ஒரே தடவையாகப் போடச் சொல்லலாம். 1400 வாட்டுக்கு மேற்பட்டதை 6 ஆம்பியர் பிளக்கில் மாட்டவேண்டாம் என்பதையும் மறக்காமல் சொல்லவேண்டும். 230 வோல்ட்டில் 6 ஆம்பியர் தாங்குவது 1380 வாட்தான். கடிகாரம் எரிந்துகொண்டிருக்கும் மாடல்கள், காபியே போடாவிட்டாலும், 2 வாட் எடுத்தால் வருஷத்துக்கு 17 யூனிட் தின்னும். சுவரிலுள்ள சுவிட்சையே அணைக்கச் சொல்லுங்கள்.

நம் உறுப்பினர்கள் சிலர் கடையிலேயே ஒரு வீட்டுக் காபி மேக்கரை வைத்துக் காலை முதல் இரவு வரை ஓட்டுகிறார்கள். வரும் சேல்ஸ்மேனுக்கும் லோடு இறக்கும் ஆட்களுக்கும் கொடுக்க வசதிதான். கடை மீட்டருக்கு அந்த 100 யூனிட் இலவசம் கிடையாது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். பதினான்கு மணி நேரம் 60 வாட் வீதம் தட்டு சுட்டால், காபி போடும் செலவைச் சேர்க்காமலே, 60 நாளில் 50 யூனிட் ஆகிறது. ஒரு நல்ல பிளாஸ்க் வாங்கி வைத்தால் சில மாதத்தில் அதன் விலை திரும்பிவிடும்.

இந்த எண்களை நம்பாதவர்கள் மீட்டரையே கேட்கலாம். மின்வாரியம் மாட்டியிருக்கும் எலெக்ட்ரானிக் மீட்டரில் ஒரு சின்ன சிவப்பு விளக்கு சிமிட்டிக்கொண்டிருக்கும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை சிமிட்டல் என்று மீட்டரின் முகப்பிலேயே அச்சிட்டிருப்பார்கள். 3200 என்று இருந்தால், வீட்டில் மற்ற எல்லாச் சுவிட்சையும் அணைத்துவிட்டு, காபி மேக்கரை மட்டும் ஓட்டிப் பார்க்க வேண்டும். 450 வாட் எடுத்தால் நிமிடத்துக்கு 24 முறை சிமிட்டும். டிகாஷன் இறங்கி முடிந்ததும் சுவிட்சை அணைக்காமல் பத்து நிமிடம் எண்ணுங்கள். ஹீட்டர் விட்டு விட்டு எரிவதால் ஒரு நிமிடம் எண்ணினால் போதாது. பத்து நிமிடத்தில் 32 முறை சிமிட்டினால் சராசரி 60 வாட். கூடுதலாகச் சிமிட்டினால் நாம் சொன்னதைவிடக் கூடுதல் செலவு, குறைந்தால் குறைவு. சுவிட்சை அணைத்ததும் சிமிட்டல் நின்றுவிட வேண்டும். நிற்காவிட்டால் வேறு ஏதோ ஓடுகிறது, பெரும்பாலும் பிரிட்ஜ்.

காபி மேக்கர் விற்கும் உறுப்பினர்களுக்கு நம் யோசனை இது. பில் போடும்போது பக்கத்தில் அரை லிட்டர் பிளாஸ்க் ஒன்றை எடுத்து வையுங்கள். "டிகாஷன் இறங்கினதும் இதில் ஊற்றிட்டு சுவிட்சை அணைச்சிடுங்கம்மா" என்று சொல்லுங்கள். வாங்கினாலும் வாங்காவிட்டாலும் அந்த வார்த்தை அவர்களோடு வீட்டுக்குப் போகும். கூடவே ஐம்பது கிராம் எலுமிச்சை உப்புப் பொட்டலம். மெஷினுக்கான தூள் கால் கிலோ. பிளாஸ்கிலும் எலுமிச்சை உப்பிலும் கிடைக்கும் லாபம் சிறிதுதான். தூளுக்கு அவர்கள் மாதாமாதம் வருவார்கள்.